இஞ்சின் இருமினால் முதலில் எதைத் தொடுவது? சின்ன விமானத்தில் அறிகுறி பார்த்துக் கோளாறு தேடும் வழி

மலாக்காவின் ஜாசின் பக்கம் குடியிருக்கிறவர்களுக்குப் பயிற்சி விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. விமான நிலையம் இருக்கும் பத்து பெரெண்டத்திலிருந்து கிளம்பி வந்து செம்பனைக்கு மேலே வட்டமடிக்கும்போது திடீரென்று இஞ்சின் அடங்கும், குலை வெட்டுகிறவர்கள் தலைதூக்கிப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி உறுமிக்கொண்டு மேலே ஏறும். பயப்பட ஒன்றும் இல்லை, ஆசிரியர் வேண்டுமென்றே திராட்டலை (இஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இழுத்து மாணவனுக்குச் சோதனை வைக்கிறார். நம் தாமான் பிள்ளைகள் சிலர் இப்போது அந்த விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் காப்பாரில் ஒரு சின்ன விமானம் செம்பனைத் தோட்டத்துக்குள் விழுந்து இரண்டு பேர் இறந்தபோது, கோயிலில் கண்டாலும் சாப்பாட்டுக் கடையில் கண்டாலும் பெற்றோர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: ஒத்தை இஞ்சின்தானே, அது நின்னா என்னாகும்?

நான் இந்த மாதிரி விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறவன். என் பதில் இது. இஞ்சின் நின்றால் செஸ்னா 172 என்கிற பயிற்சி விமானம் கல் மாதிரி கீழே விழாது. ஆயிரம் அடி உயரம் கையில் இருந்தால் சுமார் ஒன்றரை கடல் மைல் மிதந்து போகும். உயிர் போகும் விபத்துகளில் முதல் இடம் இஞ்சினுக்குக் கிடையாது, விமானம் கட்டுப்பாட்டை இழப்பதற்குத்தான். அதாவது ஏதோ ஒரு கோளாறு வந்து, விமானி அதையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வேகம் செத்துப்போயிருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் மூக்கைத் தணித்து மிதக்கும் வேகத்தைப் பிடி, அடுத்து இறங்க ஓர் இடத்தைப் பார், அதற்குப் பிறகு கோளாறைத் தேடு. நான் சொல்லும் எண்கள் பெரும்பாலும் செஸ்னா 172-உடையவை. உங்கள் விமானத்தின் கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதுதான் சரி.

ஆர்பிஎம் தானாக இறங்குகிறது, அப்புறம் இஞ்சின் நடுங்குகிறது

திராட்டலை யாரும் தொடவில்லை, ஆனால் ஆர்பிஎம் (இஞ்சின் நிமிஷத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 2300-லிருந்து 2200, அப்புறம் 2100 என்று சோம்பேறித்தனமாக இறங்குகிறது. கார்புரேட்டர் உள்ள இஞ்சின் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பனிக்கட்டி. மலாக்காவில் எங்கே பனி என்று சிரிக்காதீர்கள், நம் ஊர்தான் அதற்குத் தோதான இடம். கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று விரியும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் வெப்பம் 30 டிகிரி வரைகூடக் கீழே போகும். வெளியே 26 டிகிரி, தோட்டத்தில் விடிகாலை ஈரம் இன்னும் காயவில்லை என்றால் அந்தத் தொண்டைக்குள் பூஜ்யத்துக்குக் கீழே. காற்றில் இருக்கும் ஈரம் அங்கேயே உறைந்து வழியை அடைக்கும். வெளியே 38 டிகிரி வெயிலில்கூட இது நடக்கலாம் என்று அமெரிக்க விமானத்துறைக் கையேடு சொல்கிறது. முழு வேகத்தில் போகும்போது ஆபத்து குறைவு. இறங்குவதற்காகத் திராட்டலைக் குறைத்து நீளமாக மிதந்து வரும்போதுதான் இது பிடிக்கும், அப்போது இஞ்சின் அடங்கியே இருப்பதால் அடைப்பது காதுக்கும் தெரியாது. ஓடுபாதைக்கு முன்னால் கொஞ்சம் சக்தி வேண்டும் என்று தள்ளும்போதுதான் தெரியவரும்.

செய்ய வேண்டியது, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட் பிடியை முழுசாக வெளியே இழுப்பது. பாதி இழுத்து வைக்கக் கூடாது. இழுத்ததும் ஆர்பிஎம் இன்னும் கொஞ்சம் விழும், காரணம் சூடான காற்று லேசானது. அதற்கப்புறம் உருகிய தண்ணீர் உள்ளே போகும்போது இஞ்சின் இன்னும் மோசமாகக் குலுங்கும். இந்த இடத்தில்தான் பலபேர் பயந்துபோய்ப் பிடியைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள், பனி கரைந்ததும் ஆர்பிஎம் ஏறும். இன்னொன்று, அந்தச் சூடு வருவது புகைபோக்கியிலிருந்து. இஞ்சின் முழுசாகச் செத்த பிறகு இழுத்தால் புகைபோக்கியும் ஆறிப்போயிருக்கும், உருக்க ஒன்றும் இருக்காது. ஆகவே சந்தேகம் வந்த உடனே இழுக்க வேண்டும். பழைய செஸ்னாக்களில் திராட்டலைக் குறைக்கும் முன்பே இழுக்கச் சொல்வார்கள், பைப்பர் வாரியரில் பனி சந்தேகம் வந்தால் மட்டும். விமானம் மாற்றி ஓட்டுகிறவர்கள் இதில்தான் குழம்புவார்கள். 172-இன் புதிய மாடல்களில் கார்புரேட்டரே கிடையாது, பெட்ரோலை நேராகப் பீய்ச்சும் இஞ்சின், அதில் அந்தப் பிடியைத் தேடவும் வேண்டாம்.

இஞ்சின் ஒரேயடியாக நின்றுபோச்சு

நடுங்காமல், இருமாமல், சுவிட்சை அணைத்த மாதிரி நின்றால் முதல் சந்தேகம் பெட்ரோல். இதில் இரண்டு வகை. ஒன்று, டேங்கில் சொட்டுகூட இல்லை. இன்னொன்று, பெட்ரோல் இருக்கிறது, இஞ்சினுக்கு வரவில்லை. இரண்டாவதுதான் கேட்டால் வயிற்றெரிச்சல். செஸ்னா 172 மேல் இறக்கை விமானம், எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரை இரண்டு டேங்குக்கும் பொதுவாக வைத்துவிடலாம், தானாக வடிந்து வரும். பைப்பரில் இடது அல்லது வலது, பொது என்பதே கிடையாது. ஒரு பக்க டேங்க் காய்ந்து, மறு பக்கம் நிறைய இருக்கும்போதே வயலில் இறங்கியவர்கள் உலகம் முழுக்க உண்டு.

மிதக்கும் வேகத்தைப் பிடித்துவிட்டீர்கள், 172-இன் புது மாடலில் முழு எடைக்கு அது 68 நாட் (மணிக்கு 68 கடல் மைல்), இடமும் பார்த்துவிட்டீர்கள். இப்போது கை தரையிலிருந்து மேலே வரட்டும்: செலக்டரை மாற்று, மிக்ஸ்ச்சர் (பெட்ரோல், காற்றுக் கலவைப் பிடி) முழுசாக உள்ளே, கார்ப் ஹீட் இருந்தால் வெளியே, மின்பம்ப் இருந்தால் போடு, பிரைமர் (ஸ்டார்ட் செய்யப் பெட்ரோல் தள்ளும் பிடி) இருந்தால் உள்ளே பூட்டியிருக்கிறதா பார், சாவி இரண்டு மேக்னெட்டோவிலும் (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கருவி) இருக்கிறதா பார். காகிதத்தைத் தேடி எடுத்துப் படிக்க அந்த நேரத்தில் நேரம் இருக்காது, அதனால் நிறுத்தியிருக்கும் விமானத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு இந்த வரிசையைத் தொட்டுப் பழகுங்கள். காசு செலவில்லாத பயிற்சி இது.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் விமானம் விழுந்து இறந்த கதை இதற்குப் பொருந்தும். 1997 அக்டோபர் 12, கலிபோர்னியாவில் மாண்டரே கடற்கரை, லாங் ஈஸி என்கிற வீட்டிலேயே கட்டும் வகை விமானம். அதைக் கட்டியவர் டேங்க் மாற்றும் செலக்டரை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். மாற்ற வேண்டுமென்றால் உடம்பைத் திருப்பி வலது கையைத் தோளுக்கு மேலே பின்னால் கொண்டுபோக வேண்டும். திருகு இறுக்கமாக வேறு இருந்தது. பழுதுபார்ப்பவர் இடுக்கி கொடுத்துப் பார்த்தார், அப்போதும் கை வசமாக எட்டவில்லை. பெட்ரோல் ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு டென்வர், கொஞ்ச நேரம்தானே பறக்கப் போகிறேன் என்று வேண்டாம் என்றுவிட்டார். மேலே போய்த் திரும்பி அதை எட்டும்போது கால் ரடரை (மூக்கை இடம் வலம் திருப்பும் மிதி) மிதித்துவிட்டது என்பதுதான் விசாரணையில் வந்த முடிவு. பெட்ரோல் தீர்ந்தால் மிதந்து தண்ணீரிலாவது இறங்கியிருக்கலாம், திருகோடு மல்லுக்கட்டியதில்தான் விமானம் கைமீறியது.

முள்ளை நம்பாதீர்கள். சின்ன விமானங்களின் பெட்ரோல் முள் நடுவில் காட்டுவது பலசமயம் சரியாக இருக்காது. இறக்கை மேல் ஏறி மூடியைத் திறந்து அளவுக்குச்சியை விடுங்கள், வெயிலாக இருந்தாலும் மழையாக இருந்தாலும். ஒரு மணி நேரத்துக்கு 35 லிட்டர் மாதிரி குடிக்கும் என்று கணக்குப் போட்டு, போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மீதி இருக்கும்படி கிளம்பினால் இந்தப் பகுதியையே நீங்கள் படிக்க வேண்டியிருக்காது.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு, மழை. மேல் இறக்கை விமானத்தின் டேங்க் மூடி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும், அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் ஒரே இரவு மழையில் தண்ணீர் உள்ளே. தண்ணீர் பெட்ரோலைவிட கனம், அடியில் போய் உட்காரும், இஞ்சினுக்கு முதலில் போவதும் அதுதான். காலையில் அடியிலுள்ள வடிகால்களில் கண்ணாடிக் குப்பியை வைத்துப் பிடிக்க வேண்டும், 172-இன் புதிய மாடலில் இப்படி 13 இடம் இருக்கிறது. பதின்மூன்றையும் பார்க்கச் சோம்பல் வரும், பாருங்கள். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பெட்ரோல் நீலமாக இருக்கும், தண்ணீர் அடியில் நிறமில்லாமல் கோடு கட்டி நிற்கும். கோடு இல்லை, எல்லாம் ஒரே மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றால் சந்தோஷப்படும் முன் நிறத்தைப் பாருங்கள். நீலம் இல்லாவிட்டால் குப்பி முழுக்கத் தண்ணீர். வெளிர் மஞ்சளாக, தொட்டால் பிசுபிசுப்பாக, மண்ணெண்ணெய் வாடை அடித்தால் யாரோ ஜெட் எரிபொருளை ஊற்றியிருக்கிறார்கள், சாவியைத் தொடாமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

காலையில் மட்டும் துள்ளுகிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது

சரியாகவில்லை. லைகாமிங் இஞ்சின் குளிரில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு சிலிண்டர் வேலை செய்யாத மாதிரி தடதடத்து, ஓரிரு நிமிஷத்தில் தெளிந்தால், பெரும்பாலும் எக்ஸாஸ்ட் வால்வு அதன் குழாயில் கரி படிந்து ஒட்டுகிறது. இன்றைக்கு விட்டுவிடும், இன்னொரு நாள் ஏறும்போது நிரந்தரமாக ஒட்டிக்கொண்டால் தள்ளுகோல் வளையும். இது எங்களுக்குப் பெரிய வேலையும் கிடையாது, சொன்னால் பார்த்துவிடுவோம். பிரச்சினை என்னவென்றால் மாணவன் சொல்வதில்லை, சூடானதும் நன்றாக ஓடியது என்று குறிப்பேட்டில் ஒன்றும் எழுதாமல் போய்விடுவான்.

கிளம்பும் முன் ஒவ்வொரு பக்கமாக அணைத்துப் பார்க்கும் மேக்னெட்டோ சோதனையில் ஆர்பிஎம் அதிகமாக விழுந்தால் அது வேறு கதை. 172-இல் 1800-இல் வைத்துப் பார்க்கும்போது ஒரு பக்கம் 150-க்கு மேல் விழக் கூடாது, இரண்டு பக்கத்துக்கும் இடையே வித்தியாசம் 50-க்கு மேல் போகக் கூடாது. பிளக்கில் ஈயம் படிந்திருந்தால் மிக்ஸ்ச்சரைக் கொஞ்சம் வெளியே இழுத்து ஆர்பிஎம் கூட்டிச் சிறிது நேரம் எரிய விட்டால் தெளியும். தெளிந்ததா, மறுபடி சோதித்துப் பார்த்துப் போகலாம். தெளியவில்லை என்றால் திரும்பிக் கொட்டகைக்கு வந்துவிடுங்கள். அப்புறம், ஒரு பக்கத்தை அணைத்தும் ஆர்பிஎம் கொஞ்சம்கூட விழவில்லை என்றால் நல்ல இஞ்சின் என்று அர்த்தம் ஆகாது, அந்த மேக்னெட்டோவின் பூமிக்கம்பி அறுந்திருக்கலாம். சாவியை எடுத்த பிறகும் அது உயிரோடுதான் இருக்கும், கையால் புரொப்பெல்லரைத் திருப்பினால் இஞ்சின் பற்றிக்கொள்ளும்.

ஆயில் அழுத்தம் குறைகிறது

பக்கத்தில் இருக்கும் வெப்ப முள்ளைப் பாருங்கள். அழுத்தம் குறைந்து வெப்பம் சாதாரணமாக இருந்தால் அளவுமானி பொய் சொல்லலாம், அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம். அழுத்தம் குறைந்து வெப்பம் ஏறினால் அது நிஜம், இஞ்சின் உங்களுக்குச் சில நிமிஷம்தான் கொடுக்கும். திராட்டலைக் குறைத்து இறங்கும் இடத்தை அப்போதே தேர்ந்தெடுங்கள், சக்தி இருக்கும்போது இடம் தேடுவது எவ்வளவோ மேல்.

ஓடுபாதை தீர்ந்துகொண்டே போகிறது, விமானம் எழவில்லை

மத்தியானம் 32 டிகிரி, நீங்கள் கடல் மட்டத்தில்தான் இருக்கிறீர்கள், ஆனால் விமானம் அப்படி நினைக்காது. விமானக் கணக்கில் கடல் மட்டத்துக்கு வைத்த வெப்பம் 15 டிகிரி. அதற்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி உயரம் சேர்த்துக்கொள்ளுங்கள், 17 டிகிரி அதிகம் என்றால் 2000 அடிக்கு மேல். ஆக, ஜாசின் வெயிலில் உங்கள் செஸ்னா கேமரன் மலைக்குப் பாதி வழி ஏறிய காற்றில் ஓடுகிறது. புல் ஓடுபாதை என்றால் ஓட்டத்தில் 15 சதவீதம் கூடும், பின்காற்று ஒவ்வொரு 2 நாட்டுக்கும் இன்னொரு 10 சதவீதம் என்று 172-இன் கையேடே எழுதியிருக்கிறது.

எடைக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அதிகபட்ச எடை 1157 கிலோ. காலி விமானம் கருவிகளோடு சுமார் 770. முழு டேங்க் 200 லிட்டர் பெட்ரோல் 144 கிலோ. மீதி 243. நாற்காலி நான்கு இருக்கிறது, ஆனால் நம் ஊர்ச் சாப்பாட்டில் வளர்ந்த மூன்று ஆளோடு கணக்கு முடிந்துவிட்டது, பையைக்கூட விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். தீபாவளிக்கு அண்ணன் தம்பி நாலு பேரும் ஒரு சுற்று சுற்றலாம் என்றால் டேங்கைப் பாதியாக வைத்துத்தான். பின்சீட்டில் கனமான ஆளை உட்காரவைத்தால் மையமும் பின்னால் போகும், மூக்கு தானாகத் தூக்கும், ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்தால், மீட்பதும் கடினம்.

ஓடுபாதையின் பாதிக்குள் எழும் வேகத்தில் பத்துக்கு ஏழு பங்கு வரவில்லை என்றால் திராட்டலை மூடி பிரேக் போடுங்கள் என்பது பழைய விமானிகளின் கணக்கு, எனக்கும் பிடித்த கணக்கு. எழ மறுக்கும் விமானத்தை இழுத்துத் தூக்கினால் தரைக்கு அருகில் இருக்கும் காற்று மெத்தையில் கொஞ்சம் மிதக்கும், அதைத் தாண்டி ஏறாது, எதிரே மரம்.

கிளம்பி முந்நூறு அடியில் இஞ்சின் போய்விட்டது

திரும்பாதீர்கள். பின்னால் ஓடுபாதை இருக்கிறது, மனசு அங்கேதான் இழுக்கும். ஆனால் 180 டிகிரி திரும்பினால் ஓடுபாதைக்குப் பக்கத்தில், அதற்கு இணையாகத்தான் வந்து நிற்பீர்கள். ஓடுபாதை மேலேயே வர இன்னும் திரும்பி, அதற்கப்புறம் எதிர்ப்பக்கம் ஒருமுறை திருத்த வேண்டும். மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறிய விமானம், என்ன நடந்தது என்று மூளைக்கு உறைக்க ஆகும் சில வினாடி, சாய்ந்து திரும்பும்போது கூடும் ஸ்டால் வேகம், எல்லாம் சேர்ந்து முந்நூறு அடி போதாது. நேராக, அல்லது இரண்டு பக்கமும் 30 டிகிரிக்குள் கண்ணில் படும் இடத்தில் இறங்குங்கள். எத்தனை அடிக்கு மேலே போனால் திரும்பலாம் என்பதை ஆசிரியரோடு உட்கார்ந்து உங்கள் விமானத்துக்கு முடிவுசெய்து, ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

கண்ணில் படும் இடம் என்றால் நம் பக்கம் என்ன? செம்பனை, பால்மரம், மறுநடவு செய்த வெட்டவெளி, தோட்டத்துப் பந்துத் திடல், செம்மண் சாலை. மேலே இருந்து பார்த்தால் சாலைதான் ஆசை காட்டும். செஸ்னாவின் இறக்கை 11 மீட்டர், தோட்டத்துச் சாலை குலை ஏற்றிய லோரி ஒன்று போகும் அகலம், இரண்டு பக்கமும் மட்டை நீட்டிக்கொண்டிருக்கும், மேலே மின்கம்பி போனால் கடைசி வினாடி வரை தெரியாது. கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். மறுநடவு நிலம் பரவாயில்லை, ஆனால் அங்கே வடிகால் வெட்டியிருப்பார்கள், பழைய மரத்தை வெட்டி வரிசையாகக் குவித்திருப்பார்கள். காற்று கொஞ்சம் பக்கவாட்டாக வந்தாலும் அந்த வரிசைக்கு இணையாகவே இறங்குங்கள், குறுக்கே போனால் முன்சக்கரம் வடிகாலில் மாட்டிக் கவிழும். பந்துத் திடல் குட்டையானது, ஆனால் வேலியில் மெதுவாக மோதி நிற்பது மரத்தில் வேகமாக மோதுவதைவிட எவ்வளவோ நல்லது. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடும், 70 நாட்டில் இறங்குவதும் 50 நாட்டில் இறங்குவதும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்.

மரம் தவிர வேறு வழி இல்லை என்றால் உயரமாகத் தலை மெலிந்து நிற்கும் பழைய மரத்தைவிட, குட்டையாக நெருங்கிக் கொண்டை அடர்ந்து நிற்கும் இளம் செம்பனையே மேல். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) முழுசாக இறக்கி, காற்றுக்கு எதிராக, ஸ்டாலுக்குச் சற்று மேலே உள்ள குறைந்த வேகத்தில், மூக்கை லேசாகத் தூக்கி மட்டைகளின் மேல் உட்காரவைப்பது போல. மரத்துக்கு மேலேயே ஸ்டால் ஆக்கிவிட்டால் மூக்கு முதலில் போகும். தொடும் முன் பெட்ரோலை மூடு, மிக்ஸ்ச்சரை வெளியே இழு, சாவியை அணை, ஃபிளாப் இறங்கிய பிறகு மெயின் சுவிட்சையும் அணை, கதவைக் கொஞ்சம் திறந்து வை. கதவு ஏன் என்றால் சட்டம் வளைந்தபின் அது திறக்காது.

கடைசித் திருப்பத்தில் ஓடுபாதை பக்கவாட்டில் நழுவுகிறது

பழுது எதுவும் இல்லாத விமானங்கள் விழுவது இங்கேதான். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பத் தாமதமாகிவிட்டது, பின்காற்று தள்ளிவிட்டது, ஓடுபாதை பக்கவாட்டில் போகிறது. சரிக்கட்ட விமானி இன்னும் சாய்க்கிறார், தரை அருகில் இருப்பதால் அதிகம் சாய்க்கப் பயந்து ரடரை மிதித்து மூக்கைத் திருப்புகிறார், மூக்கு கீழே போகப் பார்க்கிறது, பிடியை இழுக்கிறார். நேராகப் பறக்கும்போது 50 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் இழக்காமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் 60 நாட்டிலேயே ஆகும், 60 டிகிரி சாய்ந்தால் 71. ரடரும் கோணலாக மிதிபட்டிருந்தால் ஒரு இறக்கை மட்டும் முதலில் சாகும், விமானம் முறுக்கிக்கொண்டு ஸ்பின்னில் போகும். அங்கே இருக்கும் ஐந்நூறு அடியில் மீள முடியாது.

நழுவினால் விட்டுவிடுங்கள். இறக்கையை நேராக்கி, திராட்டலை முழுசாகத் தள்ளி, சுற்றி வந்து மறுபடி முயலுங்கள். ஃபிளாப்பை ஒரேயடியாக மேலே தூக்காமல் படிப்படியாக. ஆசிரியர் திட்டுவாரோ என்று நினைக்க வேண்டாம், திட்டுகிற ஆசிரியர் என்றால் ஆசிரியரை மாற்றுங்கள்.

எதிரே எல்லாம் வெள்ளையாக இருக்கிறது

லெடாங் மலை 1276 மீட்டர், அடியில் சொன்னால் ஏறத்தாழ 4200. காலையில் ஆசாகான் பக்கமிருந்து பார்த்தால் மடிப்புகூடத் தெரியும், மத்தியானம் பார்த்தால் தலையில் மேகம். மலை அதே இடத்தில்தான் இருக்கிறது, நமக்குத்தான் தெரியாது. சுமத்ரா காட்டுத் தீப் புகை வரும் மாதங்களில் மேகமே தேவையில்லை, நீரிணைக்கு மேலே கடலும் வானமும் ஒரே பால் நிறமாகிவிடும், அடிவானக் கோடு காணாமல் போகும். விடிகாலையில் நீரிணையிலிருந்து வரும் சுமத்ராக் காற்று வரிசை இன்னொரு வகை. இடி மேகத்துக்கு 20 கடல் மைல் தள்ளியே இருங்கள்.

அடிவானம் தெரியாவிட்டால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். மெதுவாகச் சாய்ந்தால் சாய்ந்ததே தெரியாது, நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை மேகத்துக்குள் போன மாதிரி செய்து சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரி 178 வினாடியில். மூன்று நிமிஷம்கூட இல்லை. 1999 ஜூலையில் அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர் மனைவியோடும் மைத்துனியோடும் இறந்ததும் இப்படித்தான். இரவு, கடலுக்கு மேலே மூட்டம், நல்ல விமானம், திசை மயக்கம்.

வெள்ளை எதிரே தெரியும்போதே திரும்பிவிட வேண்டும், உள்ளே போன பிறகு அல்ல. உள்ளே போய்விட்டீர்கள் என்றால் ஜன்னலைப் பார்ப்பதை நிறுத்தி, சாய்வு காட்டும் கருவியை மட்டும் பார்த்து, மென்மையாக 180 டிகிரி திரும்பி வந்த வழியே வெளியேறுங்கள். கட்டுப்பாட்டு அறையிடம் உடனே சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அலைவரிசை தெரியவில்லை என்றால் அவசர அலைவரிசை 121.5, டிரான்ஸ்பாண்டரில் (ராடாருக்கு அடையாளம் காட்டும் கருவி) அவசர எண் 7700.

மீதிச் சின்னச் சின்ன அறிகுறிகள்

ஓடுகிறது, வேகமுள் மட்டும் அசையவில்லை: வேகத்தை அளக்கக் காற்று பிடிக்கும் பிட்டோ குழாயில் குளவி மண் வைத்திருக்கும். உறை போடாமல் சில நாள் நிறுத்தினாலே போதும். முள் அசையவில்லை என்றால் திராட்டலை மூடி நின்றுவிடுங்கள், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். உள்ளே ஊதிச் சுத்தம் செய்யவும் வேண்டாம், கருவி கெட்டுப்போகும், எங்களிடம் விடுங்கள்.

எழும்போது கதவு படாரென்று திறந்தது: சத்தம் பயங்கரமாக இருக்கும், காகிதம் பறக்கும், விமானம் பறப்பதற்கு ஒன்றும் ஆகாது. கதவை மூடப் போய் விமானத்தை மறந்தவர்கள்தான் விழுந்திருக்கிறார்கள். சாதாரணமாகச் சுற்றி வந்து இறங்கி மூடுங்கள்.

தலைவலி, தூக்கம் வருகிற மாதிரி, ஹீட்டர் போட்டிருக்கிறது: புகை கசிந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே வருகிறது. நம் ஊரில் ஹீட்டர் போட மாட்டோம் என்றாலும் புகைபோக்கி வெடித்திருந்தால் முன்சுவர் வழியாகவும் வரும். 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா போன பைப்பர் மாலிபுவும் ஒத்தை இஞ்சின்தான், அவர் ரத்தத்தில் இந்த வாயு 58 சதவீதம் இருந்தது. ஹீட்டரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, இறங்குங்கள். நிறம் மாறிக் காட்டும் அட்டை மலிவுதான், ஆனால் எந்நேரமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டீர்கள், கொஞ்சம் கூடக் கொடுத்துக் கூவும் கருவியாக வாங்குங்கள்.

மின்சார எச்சரிக்கை விளக்கு எரிகிறது, ஆல்டர்னேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் கருவி) போச்சு: இஞ்சின் நிற்காது. மேக்னெட்டோ தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, மோட்டாரில் பேட்டரி போன மாதிரி நினைத்துப் பயப்பட வேண்டாம். தேவையில்லாததை அணைத்து, ரேடியோவுக்குப் பேட்டரியைச் சேமித்து, பகல் இருக்கும்போதே இறங்குங்கள். செஸ்னாவில் ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுவதால் ஃபிளாப் இல்லாமல் இறங்க வேண்டிவரலாம், ஓடுபாதை கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

இறங்கும்போது குதித்துக் குதித்துப் போகிறது: முதல் குதி சின்னதாக இருந்தால் பிடியை அப்படியே வைத்துக் கொஞ்சம் சக்தி கொடுத்து மறுபடி உட்காரவையுங்கள். குதிக்குப் பதில் குதி என்று மூக்கைத் தள்ளினால் அடுத்த குதி அதைவிடப் பெரிதாக வரும், மூன்றாவதில் முன்சக்கரம் முறியும். இரண்டாவது குதியிலேயே திராட்டலைத் தள்ளி மேலே போய்விடுங்கள். புரொப்பெல்லர் நுனி தரையை உரசியிருந்தால், பார்க்க ஒரு சின்னக் கீறல்தான் என்றாலும், இஞ்சினைத் திறந்து பார்க்கும் வரை அந்த விமானம் பறக்கக் கூடாது. உள்ளே கிராங்க் தண்டு வெடித்திருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது. அரம் வைத்துத் தேய்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், அடுத்த நாள் அதில் ஏறப் போகிறவன் உங்கள் கூட்டாளிதான்.